அம்மா அரைத்த முடக்கத்தான்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் முட்டியில்தான் வந்து நிற்கிறது. மந்தைவெளியிலிருந்து லஸ் வரை நடந்துபோய்த் திரும்புவது ஒரு காலத்தில் எனக்கு ஒரு வேலையாகவே தெரிந்ததில்லை. இப்போது ஃப்ளாட் வாசலில் இருக்கிற மூன்று படிகளில் இறங்குவதற்கு முன்னால், கைப்பிடி எங்கே என்று பார்த்துக்கொள்கிறேன். போனைத் திறந்தால் காலை வணக்கத்தோடு ஒருத்தர் இஞ்சிச் சாறு அனுப்புகிறார். இன்னொருத்தர் பூண்டுப் பால், மற்றொருத்தர் வெந்தயம். அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான். எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் படிக்கிறேன். சிலதைச் செய்தும் பார்க்கிறேன். மஞ்சள் போட்ட பால் இதமாகத்தான் இருக்கிறது. முடக்கத்தான் என்று வந்தால் மட்டும் பதில் போடாமல் போனை மூடிவிடுகிறேன். ஏன் என்று போன வாரம் கேட்டீர்கள். சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நாற்காலியிலேயே உட்காருங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிற காலமெல்லாம் நமக்கு முடிந்துபோயிற்று.

எனக்கு அப்போது பத்து வயசு. சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாமி வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். நைனா, அம்மா, நான், மூன்று பேர்தான். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா பஸ் டிரைவர். மாமி போட்ட ஒரே கட்டளை, பின்கட்டில் கவிச்சி சமைக்கக் கூடாது என்பது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சிந்தாதிரிப்பேட்டைக்கு, அத்தை வீட்டுக்குப் போய் மீனோ கறியோ தின்றுவிட்டு வருவோம். அத்தை நைனாவின் அக்கா. கூவத்தை ஒட்டின ஒரு வீட்டில் தனியாக இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலை. அவள் புடவையில் எப்போதும் டெட்டால் வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடுதான் நைனாவுக்கு முட்டி பிடித்தது. முட்டி என்று நாங்கள் சொன்னோமே தவிர, விரல் கணுக்களும் வீங்கித்தான் இருந்தன. காலையில் பாயிலிருந்து அவர் எழுந்திருப்பது ஒரு பெரிய காரியம். முதலில் ஒருக்களித்துப் படுப்பார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். உட்கார்ந்தபடியே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி நீட்டுவார். காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட அவரால் முடியவில்லை, அம்மா போட்டுவிட்டாள். காலை டியூட்டிக்கு டிப்போவில் நிற்க வேண்டியவர் அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து, அந்த ஒரு மணி நேரத்தையும் தன் உடம்பை அவிழ்ப்பதிலேயே செலவழித்தார். மத்தியானம் ஆனால் சாதாரணமாக நடமாடுவார். அதனால் வெளியில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் காலத்து பஸ்ஸில் கிளட்ச் எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இடது காலை முழு பலத்தோடு ஊன்றி மிதிக்க வேண்டும். எங்கள் குளத்தங்கரை ஸ்டாண்டிலிருந்து பாரிமுனை போய்த் திரும்பி வருவதற்குள் எத்தனை நூறு மிதியோ. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இஞ்சின் மூடி இருக்கும், அடுப்பு மாதிரி கொதிக்கும். மற்ற டிரைவர்கள் அந்தச் சூட்டைத் திட்டுவார்கள். நைனா சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முட்டியை அதன்மேல் சாய்த்துக்கொள்வாராம். அவருடைய கண்டக்டர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். நைனாவோடு பல வருஷம் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர் அவர். நான் அவரைக் கண்டக்டர் மாமா என்பேன்.

டாக்டரிடம் போகலாம் என்று அத்தை முதல் மாசத்திலேயே சொல்லிவிட்டாள். நைனா கேட்கவில்லை. டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதினால் அது டிப்போவுக்குப் போகும், டிப்போவுக்குப் போனால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயந்தார். பஸ் ஓட்டுவது தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. அம்மாவும் அவர் பக்கமே நின்றாள். ஆஸ்பத்திரி வேண்டாம், என் கையால் சரி பண்ணுகிறேன் என்று அத்தையிடமே சொன்னாள். அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு சவால் இருந்தது. அத்தைக்கும் அம்மாவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போனதில்லை.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு முடக்கத்தான் வந்தது.

மாமி வீட்டுக் கொல்லையில், கிணற்றடிச் சுவர் முழுக்க அந்தக் கொடி தானாகப் படர்ந்து கிடந்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கீரை கிள்ளிக்கொண்டு வருவது என் வேலை. அதன் காய் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காற்றடைத்த பச்சைப் பலூன் மாதிரி இருக்கும், நெற்றியில் வைத்து அடித்தால் பட்டென்று வெடிக்கும். உள்ளே மூன்று கறுப்பு விதை, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு பொட்டு. நான் அந்த விதைகளை ஒரு பழைய பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். வீடு மாறும்போது அந்த டப்பா எங்கேயோ போய்விட்டது.

எங்களுக்கு ஆட்டுக்கல் கிடையாது, அதனால் அம்மா ஊறவைத்த அரிசியோடு கீரையை அம்மியில் வைத்து அரைப்பாள். கரும்பச்சையாக மாவு வழியும். தோசை ஊற்றினால் லேசாகக் கசக்கும், ஒருவிதப் பச்சை வாசனை வரும், அந்த வாசனை மத்தியானம் வரைக்கும் வீட்டை விட்டுப் போகாது. நைனாவுக்கு நாலு தோசை கணக்கு. மூன்றோடு எழுந்துவிட்டால் விடமாட்டாள். கூடவே பிரண்டைத் துவையல். பிரண்டை நறுக்கினால் கை அரிக்கும் என்று நல்லெண்ணெய் தடவிக்கொள்வாள், அப்படியும் அவள் விரலிடுக்கெல்லாம் சிவந்து கிடக்கும். மாலையில் பூண்டு வேகவைத்த பால், ராத்திரி சோற்றுக்குக் கொள்ளு ரசம். படுக்கும் முன்னால் கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து முட்டியில் ஒத்தடம். வறுபடும் உப்பு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அந்த மழைக்காலம் முழுவதும் நான் தூங்கிப்போனேன்.

வேலை செய்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கார்த்திகை பாதியில் நைனா தானே பொத்தான் போட ஆரம்பித்தார். ஒருநாள் சந்தின் முனை வரைக்கும் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு போனார். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. செய்தி பரவியது. கண்டக்டர் மாமாவின் மனைவி வந்து பக்குவம் கேட்டுக்கொண்டு போனாள். டிப்போவில் இரண்டு பேருக்கு நைனாவின் டிபன் பாக்ஸில் துவையல் போயிற்று. வீட்டுக்கார மாமிக்கும் முட்டி வலி உண்டு, மாடிப்படி ஏறுவதையே விட்டிருந்தாள். உன் ஆத்துக்காரருக்கு ஆனது எனக்கும் ஆகும் என்று தினம் இரண்டு தோசை வாங்கிக்கொண்டாள். பின்கட்டுக்காரி சுட்ட தோசையை மாமி கை நீட்டி வாங்கினது அந்தத் தெருவில் பெரிய விஷயம். அம்மாவின் நடையே கொஞ்சம் மாறியது.

ஆனால் இடையிடையே வலி திரும்பி வந்தது. திடீரென்று ஒருநாள் காலையில் பழையபடி சுவரைப் பிடிப்பார். அப்போதெல்லாம் அம்மா ஒரு விசாரணை நடத்துவாள். நேற்று என்ன சாப்பிட்டது, எங்கே சாப்பிட்டது. முதலில் உருளைக்கிழங்கு வாயு என்று நிறுத்தினாள். அடுத்த தடவை தயிர். பிறகு வாழைக்காய், மொச்சை, பூசணி. நைனாவின் தட்டு ஒவ்வொரு வாரமும் சுருங்கிக்கொண்டே வந்தது. அவருக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர். ஒரு சாயங்காலம் குளத்தங்கரையில் அவருக்கும் எனக்குமாக இரண்டு போண்டா வாங்கித் தின்றோம். மறுநாள் காலை அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. நான் அழுதுகொண்டே அம்மாவிடம் போண்டாவைச் சொல்லிவிட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. நைனாவைப் படுக்கவைத்தது நான்தான் என்று அப்போது நம்பினேன். அந்தப் பயம் எங்கேயோ ஒட்டிக்கொண்டு, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், யாராவது முட்டி வலிக்காரர் வீட்டுக்கு வந்தால் உருளைக்கிழங்கு சமைக்கமாட்டேன்.

அரைப் பரீட்சை லீவு விட்டிருந்தார்கள். மார்கழி பிறந்துவிட்டது, காலையில் தெருவெல்லாம் கோலமும் பூசணிப் பூவும். ஒருநாள் காலையில் நைனா டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் அவருடைய பஸ் குளத்தங்கரை ஸ்டாண்டுக்கு வரும் நேரம் அம்மாவுக்குத் தெரியும். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினாள்.

பஸ் காலியாக நின்றிருந்தது. கண்டக்டர் மாமா டீக்கடையில் இருந்தார். நான் முன்பக்கம் போய், டிரைவர் கதவின் இரும்புப் படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். நைனா சீட்டில் உட்கார்ந்து மடியில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். உள்ளே சிவப்பு மாத்திரைகள். இரண்டை எடுத்து வாயில் போட்டு, சோடா பாட்டிலைச் சாய்த்துக் குடித்தார். குடித்துவிட்டுத் திரும்பினவர் என்னைப் பார்த்தார்.

அவர் கோபப்படவில்லை. என்னைத் தூக்கி அந்தச் சூடான மூடியின்மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காரவைத்தார். என்ன நைனா அது என்று கேட்டேன். வலிக்கு என்றார். தேனாம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்களாம். அதைப் போட்டால்தான் கால் கிளட்சுக்குப் போகிறதாம். கிடைக்காத நாளில்தான் படுத்துவிடுகிறாராம். போண்டாவா என்று கேட்டேன். போண்டா ஒன்றும் பண்ணவில்லை என்றார். எனக்கு அப்போது வந்த நிம்மதியில், அவர் அடுத்துச் சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாத இன்னா? அது அந்தக் கல்லுல கைய தேச்சுகினு கீது. தன் கையாலதான் எனக்கு நல்லாச்சுன்னு நம்பிகினு கீது. அது அப்படியே இருக்கட்டும்."

சரி என்றேன். சத்தியம் கேட்டார், அவர் தலையில் கை வைத்துப் பண்ணினேன். டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே பக்கத்தில் வைத்தார். பசிக்கவில்லை, வயிறு எரிகிறது என்றார்.

அடுத்த பத்து நாள் என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் கீரை கிள்ளப் போவேன், காய்களை வெடிக்கத் தோன்றாது. அம்மா அரைப்பாள், குழவியோடு சேர்ந்து அவள் தோள் முன்னும் பின்னும் போகும், அவ்வப்போது நிறுத்தி மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். நைனா நாலு தோசை சாப்பிட்டுவிட்டு இன்றைக்குத் தேவலை என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பெரியவர்கள் பொய் சொல்லும்போது எவ்வளவு சாதாரணமாக இருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. மாமி மட்டும் ஒருநாள், உன் அப்பா மூஞ்சி ஏன் இப்படிச் சோகை புடிச்சுண்டு இருக்கு என்று என்னைக் கேட்டாள். நான் தெரியாது என்றேன்.

மார்கழி கடைசியில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். கண்டக்டர் மாமா பை கூட இல்லாமல், சட்டையில் கறை படிந்து, பின்கட்டு வாசலில் வந்து நின்றார். தேனாம்பேட்டை சிக்னலுக்கு முன்னால் நைனா பஸ்ஸை ஓரம் கட்டியிருக்கிறார். இறங்கி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, வாந்தி எடுத்திருக்கிறார். எல்லாம் ரத்தம். அதற்கப்புறம் நினைவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களே ஆட்டோ பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். கண்டக்டர் மாமா அத்தை வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு எங்களைக் கூப்பிட வந்திருந்தார். அவ்வளவு வலியிலும் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டுத்தான் இறங்கினார் என்று ஆட்டோவில் போகும்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவின் கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை எங்களுக்காகக் காத்திருந்தாள். நைனாவைத் தூரத்திலிருந்துதான் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய், கையில் பாட்டில் தொங்குகிறது, முகம் காகிதம் மாதிரி. ஒரு டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுப் பெண், கண்ணெல்லாம் தூக்கமில்லாத சிவப்பு. வயிற்றில் புண்ணாகி ரத்தம் போகிறது, என்ன காரணம் என்று தெரிய வேண்டும், அவர் என்னென்ன சாப்பிடுவார் என்று கேட்டார்.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், பூண்டுப் பால், கொள்ளு ரசம். ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வாள் என்பது வரைக்கும் சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாத்திரை ஏதாவது உண்டா என்றார்.

"எங்க வூட்ல மாத்திரையே கெடையாது டாக்டரம்மா," என்றாள் அம்மா. "எல்லாம் என் கை வைத்தியம்தான்."

டாக்டர் மறுபடியும் கேட்டார். வலி மாத்திரை, கடையில் வாங்கினது, எதுவுமே இல்லையா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் உள்ளே போகத் திரும்பினார்.

என் கை அம்மாவின் கைக்குள் இருந்தது. சத்தியம் பண்ணியிருந்தேன், அதுவும் அவர் தலையில். மீறினால் அவர் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டாலும் செத்துப்போவார் என்று அந்த டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் தோன்றியது. இரண்டில் எது பெரிது என்று கணக்குப் போடுகிற வயசா அது.

"நைனா மாத்திரை சாப்புடும்," என்றேன். "செவப்பு மாத்திரை. பஸ்ஸுல வச்சு சாப்புடும்."

டாக்டர் என் முன்னால் குனிந்தார். எத்தனை, எப்போதிலிருந்து என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சோடாவோடு சாப்பிடுவார், சாப்பாடு சாப்பிடமாட்டார் என்றும் சொன்னேன். நல்ல பொண்ணு என்று என் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

அப்போதுதான் கவனித்தேன், அம்மாவின் கை என் கையில் இல்லை. எப்போது உதறினாள் என்று தெரியவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அத்தை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மா திரும்பவில்லை.

நைனா பிழைத்துக்கொண்டார். இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அது முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம் இல்லை, உடம்பே தன் மூட்டைத் தாக்குகிற நோய் என்று அத்தைக்கு விளக்கிச் சொன்னார்களாம். சாப்பாட்டால் வந்ததும் இல்லை, சாப்பாட்டால் மட்டும் போகிறதும் இல்லை. கீரையும் துவையலும் நல்லதுதான், சாப்பிடட்டும், ஆனால் மருந்து தனி என்று அந்த டாக்டர் சொன்னார். வெறும் வயிற்றில் கணக்கில்லாமல் வலி மாத்திரை போட்டதுதான் குடலை அரித்தது. ஐப்பசியிலேயே வந்திருந்தால் விரலெல்லாம் இவ்வளவு கோணியிருக்காது என்றும் சொன்னார்.

அந்த இருபது நாளும் அம்மா அம்மியைத் தொடவில்லை. சோறும் ரசமும் மட்டும் வைத்தாள். என்னோடு வேண்டியதற்கு மட்டும் பேசினாள், தட்டை எடு, தலையை வாரிக்கோ. ஏமாற்றினது நைனா, கோபம் மட்டும் என்மேல் எதற்கு என்று நினைத்துக்கொள்வேன், பிறகு நான்தானே எல்லோர் முன்னாலும் சொன்னேன் என்று நினைத்துக்கொள்வேன். கிணற்றடியில் கொடி பாட்டுக்குத் தழைத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை மாமி ஒரு கிண்ணத்தோடு பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். தோசை ஏன் நின்றுபோயிற்று என்று கேட்டாள். அம்மா தலையை நிமிர்த்தாமல், அதில் ஒன்றும் இல்லை மாமி, எல்லாம் மாத்திரைதான், உங்களுக்குத் தெரியாதா என்றாள்.

"உன் ஆத்துக்காரர் கதை வேற," என்றாள் மாமி. "நேக்கு வயசான முட்டி. அதைச் சாப்ட்டுண்டு இருந்த வரைக்கும் கொஞ்சம் இதமாத்தான் இருந்தது. பொய் சொல்லுவானேன்? நாளைக்கு அரைச்சா ரெண்டு தா."

மறுநாள் அம்மா அரைத்தாள். என்னைக் கீரை கிள்ளச் சொல்லாமல் தானே போய்க் கிள்ளிக்கொண்டு வந்தாள்.

நைனாவை அதற்கப்புறம் ஸ்டியரிங்கில் உட்கார விடவில்லை. அவர் பயந்தது அப்படியே நடந்தது. ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. டிப்போ வாசலில், போகிற வருகிற வண்டிகளின் நேரத்தைக் குறித்துக்கொள்கிற உத்தியோகம் கொடுத்தார்கள். ஒரு மர ஸ்டூல், ஒரு நோட்டு. பென்சிலைப் பிடிக்க விரல் ஒத்துழைக்காமல் அதைச் சுற்றித் துணி கட்டி வைத்திருந்தார். முதல் நாள் போய்விட்டு வந்து, இன்னைக்கு எத்தினி வண்டி வுட்டேன் தெரியுமா என்று என்னிடம் சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரையைப் பற்றி அவரும் அம்மாவும் என் காது படப் பேசியதே இல்லை. சத்தியத்தை மீறினதற்கு அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் இருபத்து மூன்று வருஷம் இருந்தார். ஆஸ்பத்திரி மருந்தும் சாப்பிட்டார், அம்மாவின் தோசையையும் சாப்பிட்டார்.

எனக்குக் கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று காலம் ஓடியது. கடைசிக் காலத்தில் அம்மா என்னோடுதான் இருந்தாள், இதே மந்தைவெளி ஃப்ளாட்டில். அவள் விரல்களும் மடங்காமல் போயிருந்தன, இத்தனை வருஷ வேலையின் தேய்மானம். எனக்கு முட்டி ஆரம்பித்த புதிது. ஒரு காலை, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையை வாயில் போடப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, ஏதாவது தின்னுட்டுப் போடு என்று அதட்டினாள்.

"உங்க நைனாவும் இதையேதான் பண்ணுச்சு. காலைல வெறும் வயித்துல போட்டுகினு போவுதேன்னுதான் நாலு தோசைய திணிச்சு அனுப்புவேன். மத்தியானம் போட்டுக்கறத நான் இன்னா பண்ண முடியும்?"

மாத்திரை என் கையிலேயே இருந்தது. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

காக்கிச் சட்டையைத் துவைக்கிறவளுக்குத் தெரியாதா என்றாள். பையில் பொட்டலம் ஈரமாகிச் சிவப்புக் கறை ஒட்டியிருந்ததாம். கார்த்திகையிலேயே பார்த்துவிட்டாளாம். யாரோ, அந்த மாத்திரை வயிற்றைச் சுடும் என்று சொன்னார்களாம். அதனால்தான் மூன்று தோசையோடு எழுந்திருக்க விடமாட்டாளாம்.

அப்படியானால் ஏன் கேட்கவில்லை என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்டிருந்தால் அந்த மனுசன் என் எதிரில் தலைகுனிந்து நிற்க வேண்டும், வேண்டாம் என்று விட்டேன் என்றாள். எல்லோரும் என் கை வைத்தியம் என்று சொன்னதும் கேட்க நன்றாக இருந்தது, அதுவும்தான் என்று பிறகு சேர்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு தடவை கேட்டாரே என்றேன்.

"நாக்கு வரலடி. உங்க அத்தை எதிர்லயே நின்னுகினு இருந்தா. சொல்லணும் சொல்லணும்னு நெனச்சேன், வரல. அதுக்குள்ள நீ சொல்லிட்ட."

அவளைத் திட்ட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. நான் சொல்லாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன். எண்பது வயசு. அவள் அதை நினைக்காத நாள் இருந்திருக்காது. அதனால், அவ்வளவு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததை மட்டும் கேட்டேன். அன்றைக்கு நான் சொன்னதும் ஏன் என் கையை உதறினாய்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள். கோணிப்போன விரல்களை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அந்த வராந்தாவைத் தேடுகிற மாதிரி.

"உதறினேனா?" என்றாள். "எனக்கு ஞாபகம் இல்லியே."

நான் எழுந்துபோய் இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு ஆபீசுக்கு லேட்.